புதுப்பிப்பு: பல்கலைக்கழக உருவப்படங்களில் விறைப்பு குறைந்தது

எங்கள் பல்கலைக்கழகத்து ஆட்களை உட்காரவைத்துப் படம் எடுத்தால் எல்லோரும் அடையாள அட்டைப் படம் போல விறைத்துப்போகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் லென்ஸை மாற்றச் சொன்னீர்கள். சரி, அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்ஸுக்குப் பதில், தூரத்திலிருந்தே முகத்தை நெருக்கமாகக் காட்டும் 85 மி.மீ. லென்ஸைப் போட்டு இரண்டு மீட்டர் தள்ளி நின்றேன். மூக்கு பெரிதாகத் தெரிவது நின்றுவிட்டது. (அதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, நெருங்கி நின்றதுதான்.)

ஆனால் பெரிய மாற்றம் கைகளால் வந்தது. நூலகரிடம் கிழிந்த புத்தகம் ஒன்றைக் கொடுத்து, வழக்கம்போல் அதன் தையலைப் பார்க்கச் சொன்னேன். தோள் தானாகவே தளர்ந்தது. "இப்போது என்னைப் பாருங்கள்" என்றதும் நிமிர்ந்தாரே, அந்த முகம்தான் எனக்கு வேண்டியிருந்தது. அதன்பின் எல்லோருக்கும் அவரவர் வேலைப் பொருள் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

கண்ணாடி அணிந்தவர்களுக்கு விளக்கை உயர்த்தி, முகவாயைச் சற்றுத் தாழ்த்தினால் பளபளப்பு போய்விடுகிறது.

வாசல் காவலர், இத்தனை ஆண்டுகளில் தன்னை யாரும் இப்படி உட்காரவைத்து எடுத்ததில்லை என்றார். அவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினேன். படத்தை அச்சிட்டு முதலில் அவரிடம்தான் கொடுத்தேன். அடுத்து விடுதிச் சமையல்காரர்களைப் படம் எடுக்கப் போகிறேன்.