தேக்கில் ஸ்னேர் டிரம் செய்கிறேன்: விளிம்பு சரியாக வர வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். காசிமேட்டில் தச்சு வேலை செய்கிறேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஞாயிறுதோறும் சர்ச் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறாள். மற்ற நாட்களில் பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டுத்தான் பயிற்சி. புது செட் வாங்க இப்போது வசதியில்லை. என் கையாலேயே செய்து கொடுப்பது என்று இறங்கிவிட்டேன்.

முதலில் 14 அங்குல ஸ்னேர் (அடித்தோலில் கம்பிகள் பொருத்திய, சடசடவென ஒலிக்கும் டிரம்). இடித்த வீட்டின் தேக்கு நிலைச்சட்டத்தை அறுத்து 20 பட்டைகளாக்கி, ஒவ்வொன்றின் இரு ஓரத்தையும் 9 டிகிரி சாய்த்துச் சீவி ஒட்டினேன். 360 டிகிரியை 40 ஓரங்களுக்குப் பங்கிட்ட கணக்கு. வட்டம் அழகாகக் கூடியது. விரலால் தட்டினாலே மரம் பேசுகிறது!

சிக்கல் விளிம்பில்தான். தோல் படியும் விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டமாக இருந்தால்தான் சுருதி நிற்கும். கண்ணாடிமேல் கவிழ்த்து உள்ளே விளக்கு வைத்துப் பார்த்தேன். இரண்டு இடங்களில் வெளிச்சம் கசிகிறது. மரத்தின் ஓரத்தைச் செதுக்கும் ரூட்டர் இயந்திரம் என்னிடம் இல்லை. விளிம்பின் 45 டிகிரி சாய்வை உளியும் உப்புத்தாளும் கொண்டே கொண்டுவந்தவர்கள் இருக்கிறீர்களா? வெளிவிட்டம் சரியாக 14 அங்குலம் வந்துவிட்டதால் தோலும் இறுக்கிப் பிடிக்கிறது. எத்தனை மில்லிமீட்டர் இழைக்கலாம்?

பழைய இரும்பு வளையம், லக் (தோலை இறுக்கும் திருகு மாட்டும் பிடி), அடித்தோலுக்கான ஸ்னேர் கம்பி வைத்திருப்பவர்கள் விலை சொல்லுங்கள். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அடுத்து பேஸ் டிரம், அதாவது காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம். 200 லிட்டர் நீலப் பீப்பாயை அறுத்துச் செய்தவர்கள் ஓசை எப்படி இருந்தது என்று எழுதினால் பேருதவி.