புதுப்பிப்பு: இறுகிப்போன பழைய தையல் மெஷின் சுற்றுகிறது

கைச்சக்கரம் அசையவே இல்லை, எந்த எண்ணெய் விடலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். துரு என்றுதான் நினைத்தேன். இல்லை, யாரோ எப்போதோ விட்ட சமையல் எண்ணெய் காய்ந்து, பழுப்பாக வார்னிஷ் போல ஒட்டியிருந்தது.

அதன்மேல் புது எண்ணெய் விட்டுப் பயனில்லை, முதலில் கரைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டியதும் ஊசித்தண்டு அசைந்தது! பழுப்பு வடிவது நிற்கும்வரை துடைத்துத் துடைத்து மறுபடி விட்டேன். மூன்று நாள் ஆனது. மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்க மட்டும்தான், மசகாக நிற்காது. அதனால் நன்றாகத் துடைத்துவிட்டு, நிறமில்லாத தையல் மெஷின் எண்ணெயை உரசும் இடமெல்லாம் ஒரு சொட்டு விட்டேன். பல்சக்கரங்களுக்கு கிரீஸ்.

ஆல்கஹாலால் துடைக்கச் சொன்னவர்களுக்கு: வெளிப்பூச்சில் தயவுசெய்து வேண்டாம். பழைய மெஷின்களில் தங்க நிறப் பூவேலையைக் காக்கும் ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு ஆல்கஹாலில் கரைந்துவிடும். அந்தப் பூக்கள் போனால் போனதுதான்.

அப்புறம், அடிநூலைத் தாங்கும் ஷட்டிலில் விட்ட எண்ணெய் இன்னும் நூலில் லேசாக ஏறுகிறது. இப்போதைக்குக் கந்தல் துணியில்தான் ஓட்டுகிறேன்.