போர் தண்ணீரில் வெள்ளை வேட்டி சாம்பல் அடிக்கிறது: மாற்ற வேண்டியது பவுடரையா, தண்ணீரையா?

மேடவாக்கம்வாசி:
7 கிலோ ஃப்ரண்ட் லோடு மெஷின். அபார்ட்மென்ட் போர் தண்ணீர்தான் முழுக்க. சங்கத்தில் எடுத்த ரிப்போர்ட்படி டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்த உப்பு) 1100, கடினத்தன்மை 520 பிபிஎம் (லிட்டருக்கு மி.கி.). துவைப்பது பருத்தி வேட்டி, பிள்ளைகளின் வெள்ளை யூனிஃபார்ம் சட்டை (காட்டன்-பாலியஸ்டர் கலப்பு), துண்டு. ‘குவிக் 30’ புரோகிராம், பச்சைத் தண்ணீர், மேட்டிக் பவுடர், கடைசியில் கண்டிஷனர்.

பிரச்சினைகள்: வேட்டி எல்லாம் சாம்பல் கலந்த மங்கல். துண்டு அட்டை மாதிரி விறைக்கிறது, ஈரத்தை உறிஞ்சுவதில்லை. பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்த வேட்டிகள் வெளுக்காமல் மஞ்சளாகிவிட்டன. நீலம் போட்டால் திட்டுத் திட்டாக நிற்கிறது. டிரம்மில் ஒரு ஊத்தை வாடை. பவுடர் பிராண்டை மாற்றிப் பார்த்தும் வித்தியாசமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கொடிக்கயிறு:
பவுடரை விடுங்க, முதல்ல நிறத்தைப் பாருங்க. சாம்பல் வேற, மஞ்சள் வேற. ரெண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

சாம்பல் மங்கலும் துண்டு விறைப்பும் சேர்ந்து வந்தா அது சுண்ணாம்புப் படிவு. தண்ணியில இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போட சேர்ந்து கரையாத பிசுக்கா மாறி நூலுக்குள்ள உட்காந்துக்கும். அந்தப் பிசுக்கு அடுத்த சலவையில அழுக்கைப் பிடிச்சு வச்சுக்கும். அதனாலதான் துவைக்கத் துவைக்க மங்குது.

மஞ்சளுக்குக் காரணம் மூணு இருக்கலாம். கழுத்துப்பட்டி, அக்குள்ல மட்டும் இருந்தா வியர்வையும் எண்ணெய்ப் பசையும். நேர்கோடா பழுப்புக் கறை இருந்தா கொடி. கட்டுக்கம்பியில காயப்போட்டா துரு ஏறும், நைலான் கயித்துக்கு மாறிடுங்க. துணி முழுக்க ஒரே சீரா மஞ்சள்னா தண்ணியில இரும்பு. போர்ல இருந்து வரும்போது தெளிவா இருக்கும், காத்து பட்டதும் துருவா மாறும். பிளீச்சிங் பவுடர் அந்த மாற்றத்தை ஒரே நிமிஷத்துல செஞ்சு துணியிலேயே ஒட்டவச்சிடும். உங்க வேட்டி மஞ்சளானதுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். போதாக்குறைக்கு பிளீச்சிங் பவுடரே கால்சியம் சேர்ந்த பொருள், ஏற்கெனவே கடினமான தண்ணியில இன்னும் சுண்ணாம்பைக் கொட்டுற வேலை.

இரும்பு இருக்கான்னு பார்க்க லேப் வேணாம். நாட்டு மருந்துக் கடையில கடுக்காய்த் தூள் வாங்குங்க. ராத்திரி வெள்ளை வாளியில பிடிச்சு வச்ச தண்ணியைக் காலையில கலக்கி ஒரு கண்ணாடி டம்ளர்ல எடுத்து, அரை ஸ்பூன் தூள் போட்டுப் பத்து நிமிஷம் விடுங்க. கேன் தண்ணியில இன்னொரு டம்ளர் அதே மாதிரி வச்சு ஒப்பிடுங்க. கருநீலமோ கறுப்போ அடிச்சா இரும்பு இருக்கு.

தண்ணீர்க்கணக்கு:
குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐ.எஸ். 10500) கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மி.கி., வேறு வழியில்லாதபோது 600 மி.கி. வரை. உங்கள் 520 அந்த மேல் எல்லைக்கு அருகில் இருக்கிறது. குடிக்கலாமா என்பது வேறு விவாதம். சலவைக்கு இது மிகக் கடினம்.

கணக்கு இதுதான். ஃப்ரண்ட் லோடு மெஷின் முதல் சுற்றில் சுமார் 15 லிட்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டரில் ஏழரை கிராமுக்குச் சற்று மேல் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான கடினம். நீங்கள் போடும் பவுடரில் ஒரு பகுதி இதைச் சமாளிப்பதிலேயே செலவாகிறது. அழுக்குக்கு மிஞ்சுவது குறைவு. எனவே பாக்கெட்டில் ‘கடின நீர்’ என்று தனி அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் வழக்கமான அளவில் பாதியைக் கூடுதலாகச் சேர்க்கலாம். வெள்ளைக்கு லிக்விட் டிடர்ஜென்ட்டைவிட பவுடர் மேல். ஆக்ஸிஜன் பிளீச் பவுடரில்தான் நிலைத்து நிற்கும்.

சலவை சோடா போடச் சொல்லிப் பலர் சொல்வார்கள். மெஷினுக்குள் நேரடியாகப் போடாதீர்கள். சோடா கால்சியத்தைக் கார்பனேட்டாகக் கீழிறக்கும். அது நடப்பது டிரம்முக்குள் என்றால் அந்த மாவு துணியிலும் ஹீட்டரிலும்தான் படியும். துண்டு இன்னும் விறைக்கும். மலிவான பவுடர்களில் சோடா ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. கையால் அலசும் தண்ணீருக்கு மட்டும் சோடா உதவும்: 20 லிட்டர் வாளிக்கு 10 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன். நன்றாகக் கலக்கி ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, அடி மண்டியைக் கலைக்காமல் மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். மக்னீசியம் முழுக்க இறங்காது, ஆனாலும் நல்ல வித்தியாசம் தெரியும்.

விற்பனையாளர் டிடிஎஸ் மீட்டரை நீட்டி சாஃப்ட்னர் (தண்ணீரை மென்மையாக்கும் கருவி) விற்க வந்தால் கவனம். உப்பு போட்டு ஓடும் சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்து சோடியத்தைக் கொடுக்கிறது. டிடிஎஸ் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அந்த மீட்டரால் சாஃப்ட்னர் வேலை செய்கிறதா என்று சொல்லவே முடியாது. சொட்டு மருந்து மாதிரி விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் கடினத்தன்மை கிட் வாங்குங்கள். சிவப்பு நீலமாக எத்தனை சொட்டு ஆகிறது என்பதுதான் கணக்கு. மெஷின் குழாயில் மாட்டும் சிறிய பாஸ்பேட் கார்ட்ரிட்ஜ் ஹீட்டரில் படிவதைக் குறைக்கும், தண்ணீரை மென்மையாக்காது. காந்தம் வைத்த கருவிகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

மேடவாக்கம்வாசி:
கடுக்காய்ச் சோதனையில் டம்ளர் லேசாகக் கருநீலமானது, கேன் தண்ணீரில் மாறவில்லை. அப்படியானால் ஏற்கெனவே மஞ்சளான வேட்டிகளை மீட்க முடியுமா? இரண்டு வேட்டியில் ஜரிகைக் கரை இருக்கிறது. நீலத் திட்டையும் எப்படி எடுப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

சவுக்காரம்:
மீட்கலாம் தம்பி. வரிசை மாறக் கூடாது, அவ்வளவுதான். முதலில் புளிப்பு, பிறகு வெளுப்பு.

ஜரிகை வேட்டியைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அதற்கு ஆசிட்டும் ஆகாது, பிளீச்சும் ஆகாது, ஜரிகை கறுத்துவிடும். உடம்புப் பகுதியை மட்டும் நனைத்து, கரையைச் சுருட்டி பிளாஸ்டிக் கவரில் கட்டி வாளிக்கு வெளியே தொங்கவிட்டுச் செய்யலாம். கைப்பழக்கம் இல்லாவிட்டால் லாண்டரியில் கொடுப்பதே மேல்.

மற்றதற்கு: 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்ரிக் ஆசிட் 30 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. கடையில் லெமன் சால்ட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு, அலுமினியப் பாத்திரம் வேண்டாம். ஒரு மணி நேரம் ஊறட்டும், நடுவில் இரண்டு தடவை புரட்டிவிடுங்கள். சுண்ணாம்பும் துருவும் இதில்தான் கரையும். தண்ணீர் கலங்கி மஞ்சளித்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கொட்டிவிட்டு நன்றாக அலசுங்கள். அப்படியும் மஞ்சள் நின்றால் இன்னொரு முறை புளிப்பில் போடுங்கள், வெளுப்புக்குத் தாவாதீர்கள்.

அடுத்தது ஆக்ஸிஜன் பிளீச். சோடியம் பெர்கார்பனேட் என்று பாக்கெட்டில் எழுதியிருக்கும். 10 லிட்டருக்கு 30 கிராம். தண்ணீர் கை பொறுக்காத சூடு, 60 டிகிரி பக்கம் இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டால் அது பாதிகூட வேலை செய்யாது. மூடி இல்லாமல் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, பிறகு மெஷினில் பவுடர் போட்டு ஓட்டுங்கள். புளிப்பை ஏன் முதலில் சொன்னேன் என்றால், நூலில் துரு இருக்கும்போது இந்த பிளீச்சைப் போட்டால் துரு உள்ள இடத்தில் வேகமாகக் கொதித்து நூலையே அரித்துவிடும். பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுவது அதனால்தான். பட்டு, கம்பளிக்கு இந்த வைத்தியம் கிடையாது.

குளோரின் பிளீச் பாட்டிலை இந்தப் புளிப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலையில் அது விளையாட்டல்ல.

இனி நீலம். என்ன நீலம் என்று முதலில் பாருங்கள். பொட்டலத் தூள் தண்ணீரில் கரைவதில்லை, மிதந்து கீழே உட்காரும். துணியில் முடிந்து கலக்க வேண்டும், ஒவ்வொரு வேட்டிக்கும் முன்னால் கையால் ஒரு சுழற்று சுழற்ற வேண்டும். அதன் திட்டு பிளீச்சுக்கு அசையாது, எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ நனைத்தால் நிறம் செத்துப்போகும். அப்போது லேசாக அழுகிய முட்டை வாடை வரும், பயப்பட வேண்டாம். சொட்டு நீலம் சாயம். அதற்கு மேலே சொன்ன சூடான ஆக்ஸிஜன் பிளீச், பிடிவாதமானதற்கு குளோரின் பிளீச், ஆனால் உங்கள் இரும்புத் தண்ணீரில் இல்லை.

திட்டு வராமல் இருக்க: அரை வாளிக்கு நாலு சொட்டு, துணி போடுமுன் கலக்கல், சோப்பு முழுக்கப் போன ஈரத் துணி, உதறி விரித்து ஒரே முக்கு. உள்ளேயே விட்டுவிட்டுப் போய்ப் போன் பேசினால் மடிப்பில் எல்லாம் கோடு விழும். முக்கி எடுக்கும் நேரம் அரை நிமிடம் போதும். யூனிஃபார்ம் சட்டைக்கு நீலமே வேண்டாம். இப்போதைய பவுடரில் வெண்மை காட்டும் பொருள் இருக்கிறது, அதன்மேல் நீலம் ஏறினால் சாம்பல்தான் தெரியும்.

கஞ்சி போடும் பழக்கம் உண்டென்றால் நீலத்தையும் அந்தத் தண்ணீரிலேயே கலந்துவிடலாம். ஜவ்வரிசி இரண்டு மேசைக்கரண்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடியாகும்வரை காய்ச்சி, சூட்டோடு துணியில் வடிகட்டி, மூன்று லிட்டராக்கினால் இரண்டு வேட்டிக்கு வரும். வடிகட்டாவிட்டால் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டி வேட்டியில் பழுப்புத் தீய்ச்சல் விழும். மெஷினில் கஞ்சி போடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் கஞ்சி போட்டு அடுக்கிவைத்தால் பூஞ்சையும் பூச்சியும் வரும். கட்டும் நாளுக்கு முன்தினம் போட்டால் போதும்.

டிரம்_டாக்டர்:
மெஷின் பக்கம் நான் சொல்றேன். ‘குவிக் 30’ ரெண்டு கிலோ வரைக்கும், வியர்வை மட்டும் பட்ட துணிக்கு. முழு லோடு வெள்ளையை அதுல போட்டா சோப்பு கரைஞ்சு வேலை செய்யறதுக்கே நேரம் இருக்காது, அலசலும் குறைவு. வெள்ளைக்கு ‘காட்டன் 60’, கூடுதல் அலசல் ஆன். யூனிஃபார்ம் சட்டைக்கு 40 போதும். டிரம்முக்குள்ள துணிக்கு மேல ஒரு கை நுழையற இடம் விடணும்.

அலசல் போதுமான்னு தெரிஞ்சுக்க, முடிஞ்சதும் ஒரு துண்டை எடுத்து சுத்தமான வாளித் தண்ணியில கசக்குங்க. நுரையோ பால் நிறமோ வந்தா இன்னொரு அலசல் வேணும்.

கண்டிஷனரைத் துண்டுக்கு நிறுத்துங்க. அது நூல் மேல மெழுகு மாதிரி பூச்சு, உறிஞ்சறது அதனாலயும் குறையும். அந்தப் பூச்சும் பச்சைத் தண்ணிச் சலவையும் சேர்ந்துதான் டிரம் பின்னாடி கொழகொழன்னு படியுது, வாடை அங்கிருந்துதான். மாசம் ஒரு தடவை துணி இல்லாம, பவுடர் கொஞ்சம் போட்டு, இருக்கறதுலயே அதிக சூட்டுல ஓட்டுங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை 100 கிராம் சிட்ரிக் ஆசிட் டிரம்முல போட்டு 60 டிகிரி. அன்னைக்கு பிளீச் எதுவும் கூடாது. கதவு ரப்பர் மடிப்பைத் துடைச்சு, கதவையும் பவுடர் டிராயரையும் திறந்தே வைங்க.

கீழ சின்னக் கதவுக்குள்ள இருக்கற டிரெயின் ஃபில்டரையும் பாருங்க. திறக்கறதுக்கு முன்னாடி தட்டு வைங்க, ரெண்டு மூணு லிட்டர் கொட்டும். போர் மணல் தண்ணி உள்ள வர்ற குழாய் வலையையும் அடைக்கும். தண்ணி நிரம்ப ரொம்ப நேரம் எடுத்து எரர் காட்டினா, குழாயை மூடி, ஹோஸைக் கழட்டி, வலையைக் குறடால இழுத்து பழைய பல் பிரஷால தேய்ங்க. சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டிய வேலையே இல்ல.

மேடவாக்கம்வாசி:
நன்றி எல்லோருக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைப் பயன்படுத்தலாமா? தினமும் வீணாகிறது.

தண்ணீர்க்கணக்கு:
வேண்டாம். வடிகட்டியவை எல்லாம் திரள்வது அதில்தான். உங்கள் போர் தண்ணீரைவிட அது கடினம். கழிப்பறைக்கு ஊற்றுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள், அதில் சுண்ணாம்பே கிடையாது. தூசி இருக்கும், மெல்லிய துணியில் வடித்துக்கொண்டால் வேட்டியின் கடைசி முக்குக்கும் கஞ்சிக்கும் அருமையாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மொட்டை மாடி மழைத் தண்ணீரும் அப்படித்தான். முதல் மழையை விட்டுவிட்டு, மாடியைக் கூட்டிய பிறகு பிடியுங்கள்.