குதிரைக்குக் கழிச்சல் நிற்கவில்லை, அவசரம்

செவலை:
வணக்கம். குதிரைக்கு நேற்று முதல் தண்ணீராகப் போகிறது. வாலும் பின்தொடையும் அப்பிக் கிடக்கின்றன. கழிச்சலுக்கு மனிதர்கள் போடும் லோபராமைடு மாத்திரை கைவசம் இருக்கிறது. எத்தனை கொடுக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

குளம்படி:
வயது என்ன? காய்ச்சல் பார்த்தீர்களா? தண்ணீர் குடிக்கிறதா? தீவனம் மாறியதா? வேறு மருந்து ஏதாவது ஓடுகிறதா? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொல்வது? மாத்திரையை மட்டும் தொடாதீர்கள். கிருமியோ நச்சோ குடலில் இருந்தால் வெளியே போகிறதையும் உள்ளேயே அடைத்து வைத்ததாகிவிடும்.

மணல்வெளி:
மணல்தான், சந்தேகமே இல்லை. தரையில் போட்டுத் தின்னக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். கையளவு லத்தியை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் இசப்கோல் கொடுங்கள்.

பழைய_லாயம்:
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்தாயிற்று! தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. தெர்மாமீட்டர் இல்லாமல் குதிரை எதற்கு? குறித்துக்கொள்ளுங்கள் தம்பி: வளர்ந்த குதிரைக்கு உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை, ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். 2 நொடிக்குள் பழைய நிறம் வர வேண்டும். ஈறு பிசுபிசுவென்றோ கருஞ்சிவப்பாகவோ இருந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

செவலை:
பெண் குதிரை, 9 வயது. வெப்பம் 38.9. நாடி 56. தீவனம் மாறவில்லை. தண்ணீர் கொஞ்சம் குடிக்கிறது.

கடிவாளம்:
ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடுங்கள். குடல் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்.

குளம்படி:
38.9-ம் 56-ம் நல்ல அறிகுறி இல்லை, டாக்டரை உடனே வரச் சொல்லுங்கள். கடிவாளம் அண்ணே, பட்டினியா? தானியத்தை நிறுத்துவது சரி. குதிரைக்குப் பெருங்குடலில் நார் நொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை நல்ல காய்ந்த புல் முன்னால் இருக்கட்டும். எலக்ட்ரோலைட் (தாது உப்பு) கலந்த வாளி ஒன்று, வெறும் தண்ணீர் வாளி ஒன்று. கலந்ததை மட்டும் வைத்தால் பிடிக்காமல் குடிப்பதையே விட்டுவிடும்.

கடிவாளம்:
நானும் எத்தனையோ குதிரை பார்த்தவன்தான். பட்டினி போட்டு எதுவும் செத்ததில்லை.

பழைய_லாயம்:
செத்ததில்லை என்பதெல்லாம் சிகிச்சை ஆகுமா? இதற்குத்தான் புதியவர்கள் பேசும்போது நான் வருவதில்லை.

கடிவாளம்:
வராமலே இருந்திருக்கலாம் ஐயா.

வெள்ளைக்கால்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். செவலை, வேறு குதிரைகள் இருந்தால் இதைத் தனியே கட்டுங்கள். வாளி, முள்வாரி எல்லாம் தனி. சால்மோனெல்லாக் கிருமியாக இருந்தால் மனிதர்களுக்கும் ஒட்டும், கையை நன்றாகக் கழுவுங்கள். குடற்புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்?

செவலை:
தனியேதான் நிற்கிறது. புழு மருந்து சரியாகக் கொடுத்துவருகிறேன். நொண்டலுக்காகக் கொஞ்ச நாளாகப் பினைல்பியூட்டசோன் பொடி கொடுக்கிறேன். அது வலிக்குத்தானே, இதில் சேருமா?

குளம்படி:
சேருமாவா! நான் முதலில் கேட்டதே அதுதானே. அந்த வகை வலிமருந்து பெருங்குடலில் புண் உண்டாக்கும், அதன் வலப்பக்க மேற்பகுதியில்தான் அதிகம். புண் வழியாக ரத்தத்தில் உள்ள புரதம் கசியும். அதனால் வயிற்றுக்கு அடியில் வீக்கம் தெரிகிறதா? அடுத்த வேளைப் பொடியைக் கொடுக்காதீர்கள், டாக்டரிடம் அளவையும் சொல்லுங்கள். குளம்பைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கிறதா என்று. கழிச்சலோடு நச்சு ரத்தத்தில் கலந்தால் குளம்பழற்சி (குளம்புக்குள் அழற்சி) வரும். அது வந்தால் கழிச்சல் நின்ற பிறகும் குதிரை நிற்க முடியாமல் போகலாம்.

மணல்வெளி:
மணலும் சேர்ந்திருக்கலாம்.

செவலை:
டாக்டர் வந்தார். ரத்தத்தில் புரதம் குறைவு. நரம்பில் திரவம் ஏறுகிறது, நான்கு குளம்புக்கும் ஐஸ். பொடி நிறுத்தியாச்சு. லத்தியில் கொஞ்சம் சோதனைக்குப் போயிருக்கிறது. நன்றி.

மணல்வெளி:
பாட்டிலில் பார்த்தீர்களா?