புதுப்பிப்பு: வாலிபர் வேதபாடத்தில் யாரும் வாய் திறப்பதில்லை – வழி கிடைத்தது

திருமங்கலம் பக்கத்துக் கிறிஸ்தவ சபை. வாலிபர்கள் கூடிப் பைபிள் படிக்கும் வேதபாடத்தில் நடத்துபவர் மட்டுமே பேசுகிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, ஆறு ஆறு பேராகப் பிரிக்கச் சொன்ன யோசனைதான். 24 பேர், 4 வட்டம். பைபிளில் மாற்கு 2:1-12 மட்டும் (நடக்க முடியாதவரை நான்கு பேர் சுமந்து வந்து, வீட்டுக் கூரையைப் பிரித்து இயேசுவிடம் இறக்கும் பகுதி). ஒருவர் சத்தமாக வாசிக்க, மூன்றே கேள்வி: என்ன நடந்தது, எது உறுத்துகிறது, இந்த வாரம் என்ன செய்வோம். 25 நிமிடம் போதும். "கூரையைப் பிரிச்சாங்களே, வீட்டுக்காரர் திட்டலையாக்கா?" என்று ஒரு தம்பி கேட்டதும் அந்த வட்டமே பேசத் தொடங்கிவிட்டது.

முதல் வாரம் சொதப்பியதற்குக் காரணம், கேள்வி கேட்டவரே உடனே பதிலும் சொன்னது. மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருங்கள். ஒவ்வொருவராக வரிசையாகப் பதில் கேட்காதீர்கள், கூச்சமுள்ளவர்கள் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

எதிர்பாராதது: அண்ணன் தங்கை ஒரே வட்டத்தில் இருந்தால் தங்கை பேசுவதில்லை. பிரித்து உட்காரவைத்தோம், சரியானது.