மூடில் குவிஸில் பின்னால் திரும்பும் வழியை அடைக்கலாமா?

மெக்கானிக்ஸ் வாத்தியார்:
எங்கள் கல்லூரியில் இன்டர்னல் தேர்வை மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் நடத்துகிறோம். இந்த செமஸ்டரில் குவிஸின் நேவிகேஷன் மெத்தடை ‘சீக்வென்ஷியல்’ என்று மாற்றிவிட்டேன். ஒரு பக்கத்தைத் தாண்டினால் திரும்ப வர முடியாது, நடுவில் தாவவும் முடியாது. மாணவர்கள் முறையிடுகிறார்கள். ஆனால் ‘ஃப்ரீ’ என்று விட்டிருந்தபோது, தேர்வு தொடங்கி ஐந்தே நிமிடத்தில் எல்லாக் கேள்வியும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. நான் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

மூன்றாமாண்டு மாணவி:
சார், பத்தாம் வகுப்பிலிருந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? கேள்வித்தாளை முழுக்கப் படி, நன்றாகத் தெரிந்ததை முதலில் எழுது. திரையில் மட்டும் அதை ஏன் தடுக்கிறீர்கள்? போன தேர்வில் நான்காவது கணக்கில் பன்னிரண்டு நிமிடம் மாட்டிக்கொண்டேன். விட்டுவிட்டுப் போனால் திரும்ப வர முடியாதே என்ற பயம். கடைசி ஆறு கேள்விகளைப் பார்க்கவே நேரமில்லை. அத்தனையும் எனக்குத் தெரிந்த பாடம்.

மூடில் அட்மின்:
மாணவி சொல்வதுதான் நியாயம். கேள்வி வங்கியில் தலைப்புக்கு இருபது கேள்வி போட்டு, அதில் ஐந்தை ரேண்டமாக எடுக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஆள் கேள்வி மாறும். வழியை அடைப்பது சோம்பேறித்தனம்.

மெக்கானிக்ஸ் வாத்தியார்:
அப்படிச் சொல்லாதீர்கள். ஒரே தரத்தில் நூறு கணக்கு எழுத எத்தனை இரவு ஆகும்? ஒருவருக்கு எளிதான ஐந்தும் இன்னொருவருக்குக் கடினமான ஐந்தும் விழுந்தால் அதுவும் அநியாயம்தான்.

கெமிஸ்ட்ரி டீச்சர்:
பூட்டு தேவைப்படும் இடம் உண்டு. அடர் அமிலத்தைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. இது தெரியாதவரை லேபுக்குள் விட மாட்டேன். பாதுகாப்பு குவிஸில் 80% எடுத்தால்தான் சோதனைக் குறிப்பு திறக்கும். 2010-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்தே மூடிலில் இதற்கு வழி இருக்கிறது. ஆனால் பாடத்தைத் ‘திறந்து பார்த்தால் போதும்’ என்று நிபந்தனை வைக்காதீர்கள். பிடிஎஃப்பைத் திறந்து மூடினாலே டிக் விழுந்துவிடும், ஒரு வரிகூடப் படித்திருக்க மாட்டார்கள். அப்புறம், இந்த நிபந்தனைகளை வைக்கும் ‘ரெஸ்ட்ரிக்ட் ஆக்சஸ்’ பகுதியில், நிபந்தனைக்குப் பக்கத்தில் இருக்கும் கண் குறியைத் திறந்தே வையுங்கள். எதை முடித்தால் அடுத்தது திறக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

மூடில் அட்மின்:
வாத்தியாரிடம் அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு வழி இருக்கிறது. குவிஸ் அமைப்பில் ஐந்து கேள்விக்கு ஒரு பக்கம் என்று வையுங்கள். சீக்வென்ஷியலிலும் ஒரே பக்கத்தில் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம்.

மூன்றாமாண்டு மாணவி:
பாதிக் குறை தீரும். திரும்ப வர முடியாது என்பதைத் தேர்வுக்கு முந்தைய நாளே சொல்லிவிடுங்கள் சார். எங்களுக்கு இரண்டாவது பக்கத்தில்தான் தெரிந்தது.

மெக்கானிக்ஸ் வாத்தியார்:
அதைச் சொல்லாமல் விட்டது என் தவறுதான். அடுத்த தேர்வில் பக்கத்துக்கு ஐந்து வைக்கிறேன், நேரமும் பத்து நிமிடம் கூட்டுகிறேன். ஆனால் முடித்த பக்கத்துக்குத் திரும்பும் வழியை இப்போதைக்குத் திறக்க மாட்டேன்.