பேப்பர் படிக்கிறவனுக்குக் கண்ணு தெரியலைன்னா யாரு நம்புவாங்க?

நாங்க சேலம், செவ்வாய்ப்பேட்டை பக்கம். தம்பிக்கு கொலுசுப் பட்டறையில சலங்கை பத்த வைக்கிற வேலை. சின்னதுலயே இருட்டுனா தடுமாறுவான், மாலைக்கண்ணுன்னு கேரட்டும் முருங்கைக்கீரையுமா குடுத்தே வருஷத்த ஓட்டிட்டோம். 24 வயசுல சைக்கிள்ல போறப்ப பக்கத்துல வந்த ஆட்டோ தெரியாம இடிச்சு விழுந்தான், அப்பறம் பெரிய ஆஸ்பத்திரியில காட்டித்தான் இது விழித்திரை கொஞ்சங்கொஞ்சமா கெட்டுப் போற நோய், ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசான்னு பேரே தெரிஞ்சுது. ஓரப்பார்வை மொதல்ல போகுமாம், நடுப்பார்வை ரொம்ப நாள் நிக்குமாம். எங்கம்மாவ கட்டுனது சொந்தத் தாய்மாமன், சொந்தத்துல கட்டுனா இது வர வாய்ப்பு கூடுதல்னு டாக்டர் சொன்னதும் அம்மா ரெண்டு நாள் சோறு திங்கல.

கொடும என்னன்னா அவன் பேப்பர்ல பொடி எழுத்துகூட படிப்பான், ஆனா காலடியில இருக்கற சொம்பு தெரியாம எத்தி விட்ருவான். ஊனமுற்றோர் சர்டிபிகேட்டுக்கு போன எடத்துல சுவத்துல இருந்த எழுத்த பூரா படிச்சுட்டான், நல்லாத்தானப்பா தெரியுதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. சொந்தக்காரங்க, வேலைக்குப் போக சோம்பேறித்தனம்னு பேசுனாங்க. நானும்தான் திட்டியிருக்கேன்.

அப்பத்தான் ஒரு டிரஸ்ட்லருந்து ஒரு அண்ணன் வந்தாரு, அவருக்கும் இதே நோய். வந்ததும் பேப்பர குழல் மாதிரி சுருட்டி அம்மா கையில குடுத்து, ஒரு கண்ண மூடிட்டு இதுவழியா மட்டும் பாத்துகிட்டு அடுப்படி வரைக்கும் போயிட்டு வாங்கம்மான்னாரு. அம்மா நாலு எட்டு வச்சு நெலைல இடிச்சுகிட்டு அங்கயே உக்காந்து அழுதுச்சு. அத்தன வருஷமா தம்பி வாயால சொன்னது அந்த ஒரு நிமிஷத்துலதான் எங்களுக்கு ஏறுச்சு.

அவரு சொல்லித்தான் தெரியும், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல எழுத்து தெரியுதாங்கறது மட்டும் கணக்கில்ல, பார்வை வட்டம் 10 டிகிரிக்கு கீழ போயிட்டா படிக்க முடிஞ்சாலும் பார்வையில்லாதவங்கதான். பார்வை வட்டத்த அளக்கற ஃபீல்டு டெஸ்ட் செலவ டிரஸ்ட்டே குடுத்துச்சு, அந்த ரிப்போர்ட்டோட போனப்பறம்தான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யூடிஐடி கார்டு கெடச்சுது. வெள்ளக்கோல் பழக்குனதும் அவருதான், சாயந்தரம் வெளிச்சம் போனப்பறம் கடைத்தெருவுலயே கூட்டிட்டு நடப்பாரு.

*

அக்கா, நான் ஏற்காடு. எங்கப்பாவுக்கு கிளாக்கோமா, கண் அழுத்த நோய். எஸ்டேட்ல காப்பி பழம் பறிக்கற வேலை, கண் கேம்புன்னு வேன் வந்தப்ப புரைதான், ஆபரேசன் பண்ணா சரியாயிரும்னு நெனச்சுத்தான் போனோம். போன பார்வை திரும்பாது, இருக்கறத காப்பாத்த தெனமும் சொட்டு மருந்து விடணும்னாங்க. கேம்ப்ல இருந்த அம்மா ஒருத்தங்க, கூடப்பொறந்தவங்க, பெத்த புள்ளைங்க எல்லாரும் கண் பிரசர் பாத்துக்கணும்னு என்னையும் உக்கார வச்சு பாத்தாங்க, எனக்கும் ஆரம்பம்னு தெரிஞ்சுது, எனக்கு அப்பதான் 33. இப்ப ரெண்டு பேருக்கும் மருந்து அவங்கதான் வாங்கித் தர்றாங்க, 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி செக்கப்புக்கு போக பஸ் காசும் சேத்து. சும்மா இருந்திருந்தா எனக்கும் அப்பா மாதிரி ஆயிருக்கும்.

*

தங்கம், மருந்த ஒரு நாள்கூட விடாத. உன் புள்ளைங்களயும் காட்டிட்டியா? தம்பி பட்டறை முடிஞ்சு எட்டு மணிக்கு இப்ப தனியாத்தான் வர்றான், கோல் தட்ற சத்தம் சந்து மொனையில கேட்டதும் அம்மா தோசக்கல்ல அடுப்புல வச்சுரும்.